வழித்துணை: ஆஸ்திரேலிய நகரங்களில் ஒருநாள் உலா

சென்ற திங்கள் இப்பகுதியில் காசிக்கும் பிரயாகைக்கும் முதியோரை அழைத்துச் செல்ல உகந்த வண்டிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த வீட்டார் சிலர் மாதக் கூட்டத்தன்று எம்மைச் சூழ்ந்துகொண்டனர். "காசி இருக்கட்டும். பிள்ளை ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், மூன்று மாதம் வந்து தங்கு என்கிறான். அங்கே போய் என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? அதை எழுதக்கூடாதா?" என்பது அவர்தம் கேள்வி. கேட்டவருள் ஒருவர், "பார்ப்பது இருக்கட்டும். பொழுதை எப்படிப் போக்குவது என்று முதலில் எழுதுங்கள்" என்று மெல்லச் சொன்னார். அவர் ஒருமுறை சென்று வந்தவர். அக்குரலில் இருந்த சலிப்பு எமக்குப் புதியதன்று. எம் அன்னையாரிடமும் யாம் அதனைக் கேட்டிருக்கிறோம்.

எம் தமையனார் சிட்னி நகரின் மேற்கே, பரமாட்டாவை அடுத்த பகுதியில் பணிநிமித்தம் குடியிருக்கிறார். அன்னையாரைத் தனியே விமானத்தில் அனுப்ப மனம் ஒப்பாமையால், ஈட்டிய விடுப்பில் மூன்று வாரமும் மேலிடத்து அனுமதியும் பெற்று, துணையாக யாமும் சென்றோம். டிக்கெட் செலவு தமையனாருடையது. ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் ஆகக்கூடிய காரியமா அது?

தமையனார் வீட்டில் குறையொன்றும் இல்லை. அன்னையார்க்குத் தனியறை, காலையில் வெந்நீர், மாலையில் பேரப்பிள்ளைகள். ஆனால் காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தினால் மாலை ஆறு மணிவரை அவ்வீட்டில் கடிகார ஓசையன்றி வேறு ஓசை இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. சனி வந்தால் துணி துவைப்பதும் கடைக்குச் செல்வதும், ஞாயிறு வந்தால் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பும் பாட்டு வகுப்பும். "அடுத்த ஞாயிறு கட்டாயம் வெளியே கூட்டிப் போகிறேன் அம்மா" என்று தமையனார் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. அந்த ஞாயிறுதான் வருவதில்லை. ஐந்தாம் நாள் இரவு அன்னையார் எம்மிடம், "தம்பி, நீ திரும்பும்போது நானும் கூடவே வந்துவிடுகிறேன். அரண்மனை மாதிரிதான் வைத்திருக்கிறான். எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது" என்றார். அடுத்த அறையில் இருந்த அண்ணியார் காதில் அது விழுந்துவிட்டது. மறுநாள் அவர் முகம் பார்க்கும்படியாக இல்லை. இரண்டரை மாதம் பாட்டி இருப்பார் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்த குழந்தைகளுக்கு என்ன சொல்வது என்று தமையனார் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றுதான் யாம் சிட்னி ரயில் கால அட்டவணையைக் கையில் எடுத்தோம்.

எம் அன்னையாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் மணமாகித் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து லக்னோ வந்து இறங்கியபோது அவருக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆறு மாதத்துக்குள் தன்னந்தனியே அமீனாபாத் சந்துகளில் நுழைந்து, பேரம் பேசிப் புளி வாங்கி வந்தவர். அந்தத் துணிவு அவரை விட்டு எங்கும் போய்விடவில்லை. புது ஊரில் வண்டி ஏறும் வழிதான் தெரியவில்லை. ஆகவே, பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்து அமர்ந்திராமல், வேலைநாட்களில் பெற்றோர் தாமே சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய உலாக்களையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் டிக்கெட்டைப் பற்றி. அதுதானே எம் தொழில்! சிட்னியில் ரயில், பேருந்து, படகு, நகர டிராம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஓபல் என்னும் ஒரே அட்டை போதும். நிலையத்துள் நுழையும்போது கம்பத்தில் அட்டையைத் தொட வேண்டும். வெளியேறும்போதும் மறவாமல் தொட வேண்டும். வெளியேறுகையில் தொடாது விட்டால், அவ்வழியில் ஆகக்கூடிய உச்சக் கட்டணம் பிடிக்கப்படும். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறிப்பிட்ட உச்ச வரம்புக்கு மேல் பணம் பிடிப்பதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் அவ்வரம்பு மற்ற நாட்களினும் குறைவு. வேலைநாட்களில் காலைப் பத்து மணிக்கு மேல் ஏறி, மாலை மூன்று மணிக்குள் திரும்பு வண்டியைப் பிடித்தால் கட்டணமும் குறையும், உட்கார இடமும் கிடைக்கும். அந்நாட்டு முதியோர்க்குத் தனிச் சலுகை அட்டை உண்டு. நம் முதியோர்க்கு அது கிடையாது. நம் நாட்டிலேயே மூத்த குடிமக்கள் சலுகை 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதை நாள்தோறும் கேள்வி கேட்போர்க்கு விளக்கி நா வறண்ட எமக்கு, அந்நியர்க்கு ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு டாலர் ஐம்பது ரூபாய்க்கு மேல். ஒவ்வொன்றையும் ரூபாயாக்கிக் கணக்கிட்டால் தேநீர்கூட அருந்த முடியாது. யாம் கட்டுச்சாதமும் குடுவையில் காப்பியும் எடுத்துச் சென்றோம். குழாய்த் தண்ணீரை அச்சமின்றிக் குடிக்கலாம். பூங்காக்களில் உட்கார்ந்து உண்ணுவதை அங்கே எவரும் வேற்றுமையாகப் பார்ப்பதில்லை.

முதல் நாள் உலாவுக்கு யாம் தேர்ந்தது துறைமுகப் பாலம். மேற்கே பரமாட்டா வழியாக வரும் புறநகர் வண்டி சென்ட்ரல், டவுன் ஹால், வின்யார்டு நிலையங்களைத் தாண்டி, அதே ஓட்டத்தில் பாலத்தின்மீது ஏறி அக்கரை செல்கிறது. வண்டி மாற வேண்டிய தொல்லை இல்லை. கீழே கடல்நீர், பக்கத்தில் இரும்பு விட்டங்கள். வண்டி பாலத்தில் ஏறியதும் அன்னையார் எம் கையைப் பிடித்துக்கொண்டார். 1932ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் திறக்கப்பட்ட பாலம் இது. வளைவின் நீளம் 503 மீட்டர். உச்சி நீர்மட்டத்திலிருந்து 134 மீட்டர் உயரம். அக்கரையில் முதல் நிலையமான மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கி, பாலத்தின் கிழக்கோரத்து நடைபாதை வழியே திரும்பி நடந்து வரவேண்டும். கட்டணம் இல்லை. வளைவின்மேல் கயிறு கட்டி ஏற்றிச் செல்லும் ஏற்பாடு ஒன்றுண்டு. அதற்குப் பெருந்தொகை வாங்குகிறார்கள். நடைபாதையில் நின்றால் காணும் காட்சியே போதுமென்பது எம் கருத்து. முழங்கால் வலி உடையோர்க்கும் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.

பாலத்திலிருந்து பார்க்கும்போது நீர்முனையில் வெண்சிப்பிகளை அடுக்கியதுபோல் தோன்றுவது ஆப்பெரா மாளிகை. டென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957இல் போட்டியில் வென்று வரைந்தது. 1959இல் வேலை தொடங்கி 1973இல்தான் முடிந்தது. செலவைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அரசினரோடு பிணங்கி உட்சன் 1966இல் நாடு திரும்பினார். தாம் வரைந்த மாளிகை நிறைவுற்றபின் அதனை நேரில் காண அவர் ஒருநாளும் திரும்பி வரவில்லை. இதனைச் சொன்னபோது அன்னையார், "கோபுரம் கட்டினவன் கும்பாபிஷேகத்துக்கு வராத மாதிரி" என்று சொல்லிவிட்டு, அக்கட்டடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அருகில் சென்றால் அவை தூய வெள்ளையல்ல, பாலேடு நிறமும் கலந்தவை என்று தெரியும். பக்கத்திலேயே 1816இல் அமைந்த தாவரத் தோட்டம் இருக்கிறது. அங்கும் கட்டணம் இல்லை.

மறுநாள் சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து மேன்லிக்குச் சென்றோம். ஓபல் அட்டையிலேயே அரைமணி நேரப் படகுப் பயணம். உல்லாசப் படகு என்று தனியே விற்கப்படும் டிக்கெட்டுகளுக்கு இதனைப் போல் பலமடங்கு விலை. காட்சியோ பெரும்பாலும் ஒன்றே. மேன்லியில் படகுத்துறையிலிருந்து கடைத்தெரு வழியாகச் சிறிது நடந்தால் பெருங்கடல். கடலில் இறங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. மணலில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருப்பார்கள். அவ்விரண்டுக்கும் இடையிலேதான் இறங்க வேண்டும். உயிர்காப்போர் கண்காணிக்கும் இடம் அதுவே. வெளியே அலை அமைதியாகத் தோன்றும் இடத்தில்தான் பெரும்பாலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய நாம் இதனைச் சிறிதாக எண்ணிவிடுகிறோம்.

இனி, யாம் மிகவும் விரும்பிய உலாவுக்கு வருவோம். சிட்னிக்கு மேற்கே உள்ள மலைத்தொடருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் நீலமலை, அதாவது நீலகிரி. சென்ட்ரலிலிருந்து கட்டும்பா நிலையத்துக்கு இரண்டு மணிநேரப் பயணம். மேற்குப் பகுதிகளில் வாழ்வோர் சென்ட்ரல்வரை போக வேண்டியதில்லை, பரமாட்டாவிலேயே ஏறலாம். இதற்கும் ஓபல் அட்டையே செல்லும். கட்டும்பாவிலிருந்து பேருந்தில் எக்கோ பாயிண்ட் சென்றால், மூன்று உடன்பிறந்தார் என்று பெயர்பெற்ற மூன்று பாறைத்தூண்கள் நம்முன் நிற்கும். அவற்றில் உயர்ந்தது 922 மீட்டர். அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தொலைவு காடு, காடு, காடு. அதன்மேல் மெல்லிய நீலப்படலம்.

பேருந்திலிருந்து இறங்கியதும் அன்னையார் மூச்சை இழுத்து, "இது தைலத்தின் வாசனை அல்லவா?" என்றார். ஆம். அக்காடு முழுதும் யூகலிப்டஸ். இலைகளிலிருந்து எழும் எண்ணெய் ஆவியே மலையின் நீலத்துக்குக் காரணம் என்கிறார்கள். இம்மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் நம் நீலகிரிக்குக் கொண்டுவந்து நடப்பட்டது. உதகையில் காய்ச்சிய அதன் எண்ணெயைத்தான் நீலகிரித் தைலம் என்று நாம் குழந்தைகளின் மார்பில் தடவி வளர்த்தோம். எம் அன்னையாரின் பெட்டியில் அப்போதும் ஒரு குப்பி இருந்தது. அது பிறந்த ஊருக்கே அதனைத் தூக்கி வந்திருப்பதை எண்ணி அவர் சிரித்தார். லக்னோவை விட்டு வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ரயில்வே குடும்பத்தினர்க்குக் கட்டும்பாவில் ஒரு விருந்து இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெய்ப்பாறையும் ஏற்றுவதற்காகப் போட்ட இருப்புப்பாதை ஒன்று, 1945 முதல் மக்களை ஏற்றிச் செல்கிறது. அதன் சரிவு 52 பாகை! மேட்டுப்பாளையம் பாதையில் பல்சக்கரம் பூட்டிய பகுதியில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அதனைப் பாகையில் சொன்னால் ஐந்துகூட ஆகாது. இங்கே வண்டி கிணற்றுக்குள் விடும் வாளிபோல் இறங்குகிறது. கட்டணம் மிகுதி. இதய நோய் உள்ளோர் மேலிருந்து பார்ப்பதோடு நிற்பது நலம். யாம் சென்றோம், கண்ணை மூடிக்கொண்டோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். இன்னும் மேற்கே லித்கோ அருகில், 1869இல் திறந்த பழைய முன்பின் பாதை உள்ளது. வண்டி முன்னே சென்று, பின்னே வந்து, மீண்டும் முன்னே சென்று மலையிறங்கும் அமைப்பு அது. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே போர்க் காட்டில் முன்னாளில் இருந்த முறையும் இதுவே. 1910இல் சுரங்கப்பாதை வந்ததும் அது கைவிடப்பட்டது. ஆர்வலர்கள் அதனைச் செப்பனிட்டு 2023இல் மீண்டும் வண்டி விட்டனர். ஓடும் நாட்கள் சிலவே, கேட்டறிந்து செல்க.

கட்டும்பா சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பது. சிட்னியில் வெயிலென்றாலும் அங்கே குளிரும். இப்பாதையில் வார இறுதிகளில் பராமரிப்பு வேலை நடப்பதுண்டு. அந்நாட்களில் வண்டிக்குப் பதில் பேருந்து விடுவார்கள். முன்னாளிரவே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். மற்றொன்று: நெடுந்தூர வண்டிகளில் அமைதிப் பெட்டி என்று சில பெட்டிகளைக் குறித்திருக்கிறார்கள். அறியாமல் அதில் ஏறி, கும்பகோணத்து உறவினரின் திருமணத்தைப் பற்றி யாமும் அன்னையாரும் உரத்துப் பேசிக்கொண்டு வந்தோம். எதிரே இருந்த மூதாட்டி ஒருவர் புன்னகையோடு சுவரில் இருந்த எழுத்தைச் சுட்டிக் காட்டினார். மாமன் மகள் திருமணம் பாதியில் நின்றது. கட்டும்பா வந்தபின்தான் தாலி கட்டப்பட்டது.

கோயில்களையும் சொல்லிவிடுகிறோம். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் மலைக்காட்டினிடையே 1985இல் குடமுழுக்குக் கண்ட வேங்கடேசுவரர் கோயில் உள்ளது. ரயில் நிலையம் உண்டு. ஆனால் கோயில் அங்கிருந்து தொலைவு, மேட்டுப்பாதை வேறு. வெயில் நேரத்தில் முதியோர் நடத்தல் ஆகாது. மேற்கே மேஸ் ஹில் பகுதியில் 1999இல் எழுந்த முருகன் கோயில் நம்மவர்க்கு எளிது. ஈழத்துத் தமிழர் பலர் அங்கு வருகின்றனர். அன்னையார்க்கு முதன்முதல் அங்கே ஒரு பேச்சுத்துணை கிடைத்தது. யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர். அவர் பேசும் தமிழில் பாதி இவருக்குப் புரியவில்லை என்றாலும் இருவரும் இரண்டு மணிநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

நிற்க. மெல்போர்னில் நண்பர் இல்லத்தில் யாம் நான்கு நாள் தங்கினோம். சிட்னியிலிருந்து ரயிலில் சென்றால் பகல் முழுதும், பதினோரு மணிநேர அளவில் ஆகிறது. விமானத்தில் ஒன்றரை மணி. யாம் ரயிலில் சென்றோம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தத்தம் மனம்போல் தண்டவாள அகலத்தை வைத்துக்கொண்டது. நியூ சௌத் வேல்சில் 1,435 மில்லிமீட்டர், விக்டோரியாவில் 1,600, குவீன்ஸ்லாந்தில் 1,067. அதனால் 1962வரை சிட்னி–மெல்போர்ன் பயணிகள் எல்லையூரான ஆல்பரியில் மூட்டை முடிச்சுகளோடு வண்டி மாற வேண்டியிருந்தது. அகலப் பாதை, மீட்டர் கேஜ் என்று விழுப்புரத்திலும் திருச்சியிலும் நம் முன்னோர் பட்ட பாடு நினைவுக்கு வருகிறதல்லவா?

மெல்போர்ன் டிராம்களின் ஊர். நகர மையத்தில் 2015 முதல் டிராமில் ஏறக் கட்டணமே இல்லை. எல்லை எது என்று நிறுத்தங்களில் எழுதியிருக்கும். எல்லை தாண்டினால் மைக்கி என்னும் அட்டை வேண்டும். மஞ்சள் வண்ணத்து பிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம் 1910இல் முடிந்தது. இந்நிலையத்தின் வரைபடம் பம்பாய் விக்டோரியா டெர்மினஸுக்கென வரையப்பட்டதென்றும், தபாலில் மாறி இங்கே வந்துவிட்டதென்றும் ஒரு கதையை எம் நண்பர் உறுதியாகச் சொன்னார். பம்பாய் நிலையம் 1888இல் கட்டி முடிந்தது. இந்நிலையத்துக்கான போட்டி நடந்தது 1899இல். தபால் எவ்வளவு தாமதமானாலும் கணக்கு இடிக்கிறது. அப்போட்டியில் வென்றவர் பாசெட், ஆஷ்வொர்த் என்னும் இருவர். இருவருமே ரயில்வே ஊழியர்கள். கதையைவிட இவ்வுண்மை எமக்கு இனித்தது.

பிளிண்டர்ஸ் தெருவிலிருந்து மின்வண்டியில் ஒருமணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்தால் பெல்கிரேவ். அங்கிருந்து பபிங் பில்லி என்னும் நீராவி வண்டி பெரணிக்காட்டின் ஊடே செல்கிறது. 1900இல் தொடங்கிய இப்பாதை 1953இல் நிகழ்ந்த மண்சரிவால் துண்டிக்கப்பட்டு மூடப்பட்டது. தொண்டர்கள் உழைத்து 1962இல் மீண்டும் ஓட்டினர். தண்டவாள அகலம் 762 மில்லிமீட்டர். நம் கால்கா–சிம்லா பாதையும் அதே அளவுதான். முன்பதிவு செய்தே செல்ல வேண்டும். மற்றொரு நாள் பாலராட் சென்றோம். 1851இல் பொன் கிடைத்த ஊர். சாவரின் ஹில் என்னுமிடத்தில் அக்காலத் தெருவையும் சுரங்கத்தையும் அப்படியே அமைத்து, ஓடை மணலில் நம்மையே பொன் அரிக்க விடுகிறார்கள். 2023 மார்ச்சு முடிவிலிருந்து விக்டோரியா மாநிலம் முழுவதும் ஒருநாள் ரயில் கட்டணத்துக்கு நகர அளவிலேயே வரம்பு வைத்திருப்பதால், பாலராட், பெண்டிகோ போன்ற ஊர்களுக்குச் சென்று வருவது மலிவு.

பெருங்கடற்சாலையை ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்று பேருந்துக்காரர்கள் அழைப்பார்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932வரை வெட்டிய சாலை அது. கடலோரத்தில் பன்னிரு சீடர் என்னும் பெயருடைய பாறைகள் நிற்கின்றன. பன்னிரண்டு ஒருபோதும் இருந்ததில்லை; 2005இல் ஒன்று இடிந்து விழுந்தது. காட்சி பெரிதுதான். ஆனால் பன்னிரண்டு மணிநேரம் வளைவு வளைவாகப் பேருந்தில் குலுங்கிவிட்டு, பாறையை அரைமணி நேரம் காண்பதற்கு அறுபது வயதுக்கு மேற்பட்டோர் எதற்கு? வழியில் ஓரிரவு தங்க முடியுமானால் செல்க. பிலிப் தீவில் அந்தி நேரத்தில் சிறு பெங்குவின்கள் கடலிலிருந்து கரையேறுவதைக் காண்பதும் அப்படியே. டிசம்பரில் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு நெருக்கமாகிறது. வீடு திரும்ப நள்ளிரவு கடக்கும். குளிர்காலத்தில் சென்றால் சீக்கிரம் முடியும், கம்பளிதான் இரண்டு வேண்டும்.

மற்ற நகரங்களுக்கு யாம் சென்றதில்லை. சென்று வந்த சங்க அன்பர்கள் கூறியவற்றைச் சுருக்கித் தருகிறோம். பிரிஸ்பேனில் 2024 ஆகஸ்டு முதல் ரயில், பேருந்து, படகு எதில் ஏறினாலும் ஒரு பயணத்துக்கு ஐம்பது சென்டுதான். முதலில் சோதனையாக வைத்து, பின்பு நிலையாக்கிவிட்டனர். ஆற்றுப் படகிலேயே ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம். பெர்த்திலிருந்து அரைமணி நேர ரயில் பயணத்தில் பிரிமாண்டில். கைதிகளே கட்டி, 1991வரை சிறையாக இருந்த கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகின்றனர். அடிலெய்டில் நகர மையத்து டிராம் இலவசம். கிளனெல்க் கடற்கரைவரை அதே டிராம் செல்லும்.

கான்பெராவை லக்னோவாசிகள் மறந்துவிடலாகாது. அத்தலைநகரை வரைந்து 1912இல் போட்டியில் வென்றவர் அமெரிக்கரான வால்டர் பர்லி கிரிபின். அவருடைய பெயரைத் தாங்கிய ஏரி அந்நகரின் நடுவே இருக்கிறது. 1935இல் அவர் நம் லக்னோவுக்கு வந்து கட்டடப் பணிகளை மேற்கொண்டார். 1937இல் இங்கேயே நோயுற்று இறந்தார். அவருடைய கல்லறை இவ்வூரில்தான் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் இவ்வூரில் வேலை பார்க்கும் யாம், அதனை சிட்னியில் தமையனார் மகள் பள்ளிப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லித்தான் அறிந்தோம். சிட்னியிலிருந்து கான்பெரா ரயிலில் நான்கு மணிக்கு மேல். ஒருநாள் உலாவுக்கு ஒவ்வாது. தங்கியே பார்க்க வேண்டும்.

யாம் ஊர் திரும்பும் நாள் நெருங்கியது. அன்னையாரிடம் ஒரு காகிதம் கொடுத்தோம். ஒருபுறம் தமிழில், மறுபுறம் ஆங்கிலத்தில்: வீட்டருகே உள்ள நிலையத்தின் பெயர், எத்தனையாவது நிறுத்தத்தில் இறங்குவது, எங்கே வண்டி மாறுவது, எந்த மணிக்குள் திரும்பு வண்டியில் ஏறுவது, தமையனாரின் தொலைபேசி எண். அடியில் ஆங்கிலத்தில், "நான் இந்த நிலையத்துக்குச் செல்ல வேண்டும், தயைகூர்ந்து வண்டியைக் காட்டவும்" என ஒரு வரி. "நீயும் கிளம்பிவிட்டால் நான் எங்கே போகப் போகிறேன்" என்றார். இருப்பினும் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். உடன் திரும்புவதைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

லக்னோ வந்த பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. அன்னையார் தனியே படகுத்துறைக்குக் கிளம்பியிருக்கிறார். சென்ட்ரலில் வண்டி மாற வேண்டும். கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் வண்டி பாலத்தின்மேல் போய்க்கொண்டிருக்கிறது! மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கி, நடைமேடையில் நின்ற ரயில்வே ஊழியரிடம் காகிதத்தை நீட்டியிருக்கிறார். அவர் உடன் வந்து எதிர்ப்பக்க வண்டியில் ஏற்றிவிட்டார். நடுங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்த எம்மிடம் அன்னையார் சொன்னார்: "வெளியே போகவில்லையே, அட்டையைத் தொடவும் இல்லை. பாலத்தை இரண்டு தரம் பார்த்தாயிற்று. காசு ஒன்றுதான்." கட்டண விதியை எம்மினும் நன்றாக அவர் புரிந்துகொண்டிருந்தார். படகுத்துறையில் இட்டிலியை உண்டுவிட்டு, மூன்று மணிக்குள் வீடு திரும்பி, அண்ணியார் வருமுன் காப்பிக்கும் பால் காய்ச்சி வைத்திருக்கிறார். குறித்த இரண்டரை மாதமும் இருந்துவிட்டுத்தான் வந்தார்.

புறப்படுவோர்க்குச் சில குறிப்புகள். அங்கே பருவம் தலைகீழ்: டிசம்பரில் கோடை, சூன் முதல் ஆகஸ்டுவரை குளிர். வெயில் நம் வெயிலினும் தோலைச் சுடும். தொப்பியின்றி வெளியே செல்லற்க. மெல்போர்னில் காலையில் வெயிலென்று கண்டு குடையை வைத்துவிட்டுப் போவோர் நனைந்து திரும்புவர். விமானத்தில் தரும் படிவத்தில், கொண்டுவரும் உணவுப்பொருள் அனைத்தையும் எழுதிவிடுக: ஊறுகாய், பொடி, நெய், பால் சேர்ந்த இனிப்பு, விதை எதுவாயினும். எழுதியதை அதிகாரிகள் எடுத்துக்கொண்டால் பொருள் போகும், அவ்வளவே. எழுதாது மறைத்தால் தண்டம் கட்ட நேரும். கறிவேப்பிலையை இங்கேயே விட்டுச் செல்க.

அன்னையாருடைய காகிதத்தைப் பார்த்து அதுபோல் எழுதித் தருமாறு கேட்போர், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க நூலகத்துக்கு வரலாம். பிள்ளையின் வீட்டருகே உள்ள நிலையத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் சரியாக எழுதிக்கொண்டு வரவேண்டும். சென்ற வாரம் வந்த ஒருவர் மகனின் ஊர் "ஏதோ ஹில்" என்றார். சிட்னியில் ஹில் பல உள்ளன.